கறுப்புச் சட்டை மாமாவின் அம்மன்

என் தாய்மாமாவுக்குச் சாமி என்றாலே ஆகாது. கறுப்புச் சட்டைக்காரர். மாமல்லபுரத்துக் கற்கோயில் முன்னால் யாராவது கன்னத்தில் போட்டுக்கொண்டால்கூட, "செதுக்கினவனைக் கும்பிடுய்யா" என்று வழிமறித்துச் சண்டை பிடிப்பார்.

அவருடைய ஒரே பைத்தியம், எங்கள் ஊர்ச் சாலையோரப் புளியமரத்தில் தொற்றிக்கொண்டிருந்த காட்டு ஆர்க்கிட். பழுப்புக் கட்டம் போட்ட இதழ்கள், நடுவில் ஊதா நாக்கு. புல்லுருவி என்று யாராவது அறுக்கப் போனால், "அது மரத்த உறிஞ்சாதுபா, சும்மா குந்திகினு கீது" என்று மல்லுக்கு நிற்பார். சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் மிச்சம். முன்பு இருந்த இன்னொன்றைப் பெயர்த்து எங்கள் வேப்பமரத்தில் கட்டிப் பார்த்தார், கருகிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். புளியமரத்தில் வெள்ளை எண் விழுந்தது. மாமா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒட்டுச்செடிக்காக ரோட்டை வளைப்பதா என்று சிரித்து அனுப்பினார்கள். "வுட மாட்டேன்" என்றார் மாமா.

மரம் வெட்ட ஆள் வந்த காலையில், அடிமரத்தில் மஞ்சள் துணி கட்டிக் குங்குமம் அப்பியிருந்தது. எங்கள் வீட்டுக் குங்குமச் சிமிழ் காலி. வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "அம்மன் கீது சார், நம்மால ஆவாது" என்று பின்வாங்கினார். சாலை கொஞ்சம் நெளிந்து போனது.

வினை அப்புறம்தான் வந்தது. பெண்கள் சூடம் கொளுத்தினார்கள், செடியின் மேலேயே பாலை ஊற்றினார்கள், பூவைப் பறித்து அம்மனுக்கே வைத்தார்கள். மாமா சொன்னால் யார் கேட்பார்கள்? பூசாரி சொன்னால் கேட்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கறுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு, நெற்றி நிறையப் பட்டையோடு மாமாவே மரத்தடியில் நின்றார்.

"இந்த அம்மனுக்குச் சூடம் ஆவாது! பாலு ஆவாது! பூவுல கை வெச்சா குத்தம்!"

அத்தனை பேரும் பயந்து கும்பிட்டார்கள். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமி மாமாவை ஜெயித்துவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமாவின் கூட்டாளி, அவரும் கறுப்புச் சட்டைதான், சைக்கிளில் வந்து இறங்கினார். மேலும் கீழும் பார்த்தார்.

"நீயாடா?"

உண்மையைச் சொன்னால் செடி போய்விடும். சுற்றிலும் பெண்கள். மாமா தட்டை எடுத்து அடுத்தவருக்குத் திருநீறு நீட்டினார். கூட்டாளி காறித் துப்பிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

மாமாவின் கண்கள் கலங்கிவிட்டன. பக்தி முற்றிவிட்டது என்றே நினைத்தேன். பெருமை தாங்காமல் கூட்டத்தை முண்டிக்கொண்டு போய் நெற்றியை நீட்டினேன்.

"மாமா, எனக்கும் துண்ணூறு வெச்சி வுடு."

வைத்துவிட்டார்.