மஸாஹிரின் மொட் ஃபோல்டர்

மர்ளியாவுக்கு முதலில் இருந்தது சின்னக் கோபம்தான். தன் புருஷன் எதையும் எறியமாட்டான் என்கிற கோபம்.

தில்லையடியில் வீட்டின் முன்னறையில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒன்றை வைத்து அவள் தொழில் செய்கிறாள். புத்தளம் டவுனில் ஓடுகிற ஓட்டோக்களின் பின்கண்ணாடியைப் பார்த்தால் பாதி அவள் கைவேலையாக இருக்கும். கீழ் மூலையில் சின்ன எழுத்தில் அவள் போன் நம்பரும் இருக்கும். புருஷன் மஸாஹிர் உப்பு லொறி ஓட்டுகிறவன். உப்பளத்தில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, வீட்டுக்கு வந்து குளித்து, தேத்தண்ணியைக் குடித்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பஸ் ஓட்டத் தொடங்குவான்.

அது ஒரு பஸ் ஓட்டுகிற கேம். வாங்கும்போது அதில் இருப்பதெல்லாம் வெளிநாட்டு பஸ்ஸும் வெளிநாட்டு ரோட்டும்தான். நம்முடைய பஸ்ஸை, பாலாவிச் சந்தியை, கல்பிட்டி ரோட்டை, ரோட்டில் திரிகிற கழுதையை, ஸ்டாண்டில் நிற்கிற வடைக்காரரை எல்லாம் இங்கே உள்ள ஆட்கள் தாங்களே செய்து ஆளுக்காள் அனுப்பிக்கொள்வார்கள். அப்படிச் செய்த ஃபைலுக்குப் பெயர் மொட். ஒரு ஃபோல்டருக்குள் போட்டுவிட்டால் கேம் அதை எடுத்துக்கொள்ளும். மர்ளியாவும் செய்தாள். ஸ்டிக்கர் கீறுகிற கைக்கு பஸ் கீறுவது பெரிய வேலையில்லை. அவள் கீறிய பஸ்களுக்கு ஆட்கள் காத்திருந்தார்கள்.

மஸாஹிர் செய்வதில்லை, சேர்ப்பான். ஒரே பஸ் அவனிடம் "புதுசு", "புதுசு கடைசி", "இதுதான் கடைசி" என்று மூன்று பேரில் இருக்கும். இரண்டு கழுதை மொட் போட்டிருந்ததால் ஒரே இடத்தில் ஒரு கழுதைக்குள் இன்னொரு கழுதை நிற்கும், எட்டுக் காலோடு. கேம் திறந்து வருவதற்குள் கறி ஒன்றைத் தாளித்து இறக்கிவிடலாம். பாதி ரோட்டில் அப்படியே நின்றுவிடும். மர்ளியா ஏசி ஏசி அழிப்பாள். அவன் திரும்பக் கொண்டுவந்து கொட்டுவான்.

"இருந்துட்டுப் போகட்டுமே. அது உன்னட்டச் சோறா கேக்குது?" என்பான்.

அவனுக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை ஸாஜித்திடமிருந்து வரும். ஸாஜித் டவுனில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறவன். இந்த கேம் ஆட்களின் வட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவனும் அவன்தான். எல்லாரும் செய்ததை அள்ளி ஒரே மூட்டையாகக் கட்டித் தருவான். ஒருமுறை மர்ளியாவின் பஸ்களை, அவள் பேரை அழித்துவிட்டு, மூட்டைக்குள் போட்டிருந்தான். அவள் குரூப்பில் எழுதினாள்: "என்ட பேரை அழிக்கிற நேரத்துக்கு நீங்களும் ஒண்டு கீறியிருக்கலாமே." எல்லாரும் சிரித்தார்கள். "சொறி ராத்தா" என்று ஸாஜித் எழுதினான். அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

பிறகுதான் தெரியாத நம்பர்களிலிருந்து கோல் வரத் தொடங்கியது.

"இப்ப திறந்தா இரிக்கு?" என்று ஒரு ஆம்பிளைக் குரல் கேட்கும்.

"ஓம், வாங்க. என்ன சைஸுக்கு வேணும்?" என்பாள் இவள். அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம் கேட்கும். வைத்துவிடுவார்கள். சிலர் சிரிக்கவுமில்லை, வேறு விதமாகக் கேட்டார்கள். அவள் நம்பர்களை பிளொக் செய்தாள். புதிய நம்பர்களில் வந்தார்கள். எவனோ சுவரில் நம்பரை எழுதிவிட்டான்போல என்று நினைத்தாள். வேலைக்கு வருகிற கோல் எது, இது எது என்று தெரியாமல், போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்கவா விடவா என்று நின்றாள்.

காரணத்தைக் கொண்டுவந்தவர் றஸீன் என்கிற வயதான ஓட்டோக்காரர். பின்கண்ணாடிக்கு ஸ்டிக்கர் எடுக்க வந்தவர் காசைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார்.

"மகள், கோவிச்சுக்கொள்ளப்படாது. ஸ்டாண்டில பொடியன்மார் போன்ல ஒண்டைப் பார்த்துச் சிரிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல்ல. உனக்குக் காட்ட எண்டு என்ட போனுக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்."

அவள் போனுக்கும் அனுப்பினார். ஒரு வீடியோ. அந்த பஸ் கேமை யாரோ ஓட்டிப் பதிந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிறது. ஸ்டாண்டுக்கு மேலே பெரிய விளம்பரப் பலகை. அதில் மர்ளியாவின் முகம். தன் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் பெருநாளுக்கு அவள் போட்டிருந்த, பச்சை முக்காடு போட்டுச் சிரிக்கிற போட்டோ. கீழே அவள் நம்பர். அதற்குக் கீழே: "பகலும் திறப்பு, இரவும் திறப்பு. கூச்சப்படாம கோல் எடுங்க."

றஸீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மர்ளியா அவருக்கு நன்றி சொன்னாள், கதவு வரை வந்து அனுப்பிவைத்தாள். உள்ளே வந்து மெஷினில் அடுத்த ஸ்டிக்கரைப் போட்டாள். அது கோணலாக வெட்டியது. இன்னொன்றைப் போட்டாள். அதுவும் கோணல். மெஷினை நிறுத்திவிட்டு, வெட்டிய இரண்டையும் கையால் கசக்கினாள். பசை விரல்களில் ஒட்டிக்கொண்டு விடவில்லை.

மஸாஹிர் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தான். சப்பாத்தைக் கழற்ற விடாமல் போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் பார்த்தான். திடுக்கிடவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறைத்தது.

"நீங்க இதைக் கண்டிருக்கீங்க."

அவன் சப்பாத்தைக் கழற்றக் கதிரையில் உட்கார்ந்தான்.

"கேக்கிறேன். கண்டீங்களா?"

"ஓம்."

"எப்ப?"

"போன மாசம். ஸாஜித் தந்த புது மூட்டையைப் போட்ட பிறகு."

"ஏன் சொல்லல்ல?"

"உனக்குக் கவலையா இரிக்கும் எண்டு..."

"கவலையா? கண்ட கண்டவனெல்லாம் கோல் எடுக்கக்குள்ள நான் ஸ்டிக்கர்ட அளவு கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்! ஒரு மாசமா ஊரே சிரிக்குது, எனக்கு மட்டும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்!"

"நான் தேடினேன் மர்ளியா. அல்லாஹ் மேல சத்தியமா. இவ்வளவு ஃபைலுக்குள்ள எதுல இரிக்குதெண்டு கண்டுபிடிக்க ஏலல்ல."

"கண்டுபிடிக்க ஏலாம என்ன செஞ்சீங்க?"

மஸாஹிர் கழற்றிய சப்பாத்தைச் சுவரோரம் வைத்தான். பிறகு சொன்னான்: "அந்த ஸ்டாண்டுக்குப் போகாம வேற ரோட்டால ஓட்டினேன்."

தன் முகம் அங்கே தொங்கிக்கொண்டிருக்க, இவன் சுற்றுப் பாதையால் பஸ் ஓட்டி விளையாடியிருக்கிறான். கத்த வேண்டும்போல இருந்தது. அவனுடைய போனை அவன் கையில் திணித்தாள். "எழும்புங்க" என்றாள். "அவனுக்குக் கோல் எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

ஸாஜித் உடனே எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரலில் பெரிய ஆச்சரியம் இருந்தது.

"நான் செய்யல்ல ராத்தா. நாலு பக்கத்தாலயும் வாறதை அள்ளிப் போடுறேன், அவ்வளவுதான். இத்தனை ஃபைலுக்குள்ள என்னென்ன இரிக்குதெண்டு ஆரு பாக்கிற? எந்த ஃபைல் எண்டு காட்டுங்க, அழிச்சிடுறேன்."

"காட்டுறேன்" என்று சொல்லி அவள் வைத்தாள்.

"எல்லாத்தையும் அழிச்சிடுவமா?" என்றான் மஸாஹிர்.

"எங்கட கொம்பியூட்டர்ல அழிச்சா? மத்தவன்ட கொம்பியூட்டர்ல நான் தொங்கிக்கொண்டே இரிக்கிறதா? ஒண்டையும் தொடாதீங்க."

அடுத்த நாள் அவன் லொறிக்குப் போகவில்லை. அவள் கடையைத் திறக்கவில்லை. விளம்பரப் பலகை மொட்கள் என்று பேர் போட்டிருந்ததையெல்லாம் முதலில் வெளியே எடுத்தாள். கேமைத் திறந்தார்கள். முகம் அப்படியே இருந்தது. பஸ் ஸ்டாண்ட் மொட்களை எடுத்தாள். ஸ்டாண்டே மாறிப் பழைய கட்டடம் வந்தது. அதன் மேலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேரை நம்பிப் பிரயோசனமில்லை என்று விளங்கியது. ஃபோல்டரை இரண்டாகப் பிரித்தாள். பாதியை வேறிடத்தில் போட்டுவிட்டு மிச்சப் பாதியோடு ஓட்டிப் பார்ப்பது. முகம் வந்தால் அது இந்தப் பாதிக்குள், வராவிட்டால் மற்றதற்குள். வருகிற பாதியைத் திரும்ப இரண்டாக்குவது. சொல்ல லேசாக இருக்கிறது. ஆனால் ஒரு மொட் இன்னொன்றில் தொங்கும். ஒன்றை எடுத்தால் ரோடு காணாமல்போய் பஸ் கடலுக்கு மேலே மிதக்கும். ஒன்றைப் போட்டால் கேம் செத்துவிடும், திரும்ப முதலிலிருந்து. மஸாஹிர் ஓட்டினான், அவள் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த ஸ்டாண்டுக்குப் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்க்கவேண்டும்.

"இரிக்கு" என்பான் அவன், குரலே வராமல்.

"சத்தமாச் சொல்லுங்க."

"இரிக்கு."

பகல் சோறு சமைக்கவில்லை. அவன் கடையில் பாணும் பருப்பும் வாங்கி வந்தான். அவளுக்கு இறங்கவில்லை. தன் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் அது வேறு யாரோ ஒரு பொம்பிளையின் முகம்போல ஆகிவிட்டது. அந்தப் பொம்பிளைக்காக அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது. பெருநாளுக்கு ஆசையாய் ஒரு போட்டோ எடுத்தவள், வேறென்ன செய்தாள்?

வெயில் சாயும்போது ஒரே ஒரு ஃபைல் மிஞ்சியது. அது பலகையுமில்லை, ஸ்டாண்டுமில்லை. கல்பிட்டி பஸ்ஸின் ஹோன் சத்தம்.

"ஒரு ஹோனுக்கு இவ்வளவு பெரிய ஃபைலா?" என்றாள் மர்ளியா. திறந்து பார்த்தாள். ஹோன் சத்தத்துக்குப் பக்கத்தில் படங்கள். அவள் முகம். அதே முகத்துக்குக் கீழே வேறு வசனங்கள் எழுதி, பிடிக்காமல் விட்ட இன்னும் இரண்டு. ஒருவன் ஆறுதலாக உட்கார்ந்து, எது நன்றாயிருக்கும் என்று யோசித்து யோசித்துச் செய்திருக்கிறான்.

மஸாஹிர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "இந்த ஹோன் ஸாஜித்தட. கல்பிட்டி பஸ்ஸுல போய் தானே போன்ல பதிஞ்சதெண்டு குரூப்பில பெருமையடிச்சவன். நான்தான் கை தட்டினேன்."

காலையில் இருவரும் டவுனுக்குப் போனார்கள். போன் கடையில் ஆட்கள் இருந்தார்கள். மர்ளியா தொழிலுக்கு வைத்திருக்கிற லெப்டொப்பைக் கண்ணாடி மேசையில் வைத்து, ஃபைலைத் திறந்து, ஸாஜித்தின் பக்கம் திருப்பினாள்.

"காட்டச் சொன்னீங்க. காட்டுறேன்."

ஸாஜித் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். "ராத்தா, இது சும்மா பகிடிக்கு..."

"பகிடியெண்டா சிரிங்க. இப்ப சிரிங்க, பார்ப்பம்."

அவன் மஸாஹிரைப் பார்த்தான். "மஸாஹிர் நானா, நீங்களாவது சொல்லுங்களேன்."

"நான் என்னத்தைச் சொல்ற? நானே அவக்கிட்ட ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து நிக்கிறேன்" என்றான் மஸாஹிர். பிறகு மேசைக்குக் கிட்ட வந்தான். "அவ சொல்றதைச் செய்."

கடை முதலாளி இன்னாசிப்பிள்ளை உள்ளேயிருந்து வந்தார். "தங்கச்சி, கடைக்குள்ள சத்தம் வேணாம். வெளியில போய்க் கதைங்க."

"வெளியில எல்லாரும் பார்த்துட்டாங்க ஐயா. உள்ளுக்குத்தான் இன்னும் ஆரும் பார்க்கல்ல. நீங்களும் பாருங்க." லெப்டொப்பை அவர் பக்கம் திருப்பினாள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். அதன் பிறகு அவளை வெளியில் போகச் சொல்லவில்லை. வாசலை மறித்து நின்றவரை மட்டும் கொஞ்சம் விலகச் சொன்னார்.

அவள் கேட்டது ஒன்றுதான். குரூப்பில், அவனுடைய சொந்தக் குரலில், எந்த ஃபைல், உள்ளே என்ன, யார் போட்டது என்று சொல்லவேண்டும். எல்லாரையும் அழிக்கச் சொல்லவேண்டும். ஸாஜித் போனை எடுத்தான். "தவறுதலா ஒரு படம்..." என்று தொடங்கினான்.

"தவறுதலா இல்ல. திருப்பிச் சொல்லுங்க."

திரும்பவும் தொடங்கினான். "ராத்தாவோட ஒரு சின்னப் பிரச்சினையால..."

"பிரச்சினை என்னெண்டும் சொல்லுங்க. என்ட வேலையைக் களவெடுத்தீங்க, நான் கேட்டேன். அதையும் சொல்லுங்க."

கடைசியில் முழுதாகச் சொன்னான். அனுப்பிய பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேசைக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். அதைப் பார்க்க அவளுக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டுமோ என்று யோசித்தாள். வரவில்லை.

பொலிசிலும் முறைப்பாடு எழுதிக் கொடுத்தார்கள். அது அதன்பாட்டில் நடக்கிறது. குரூப்பில் கனபேர் அழித்துவிட்டோம் என்று எழுதினார்கள். சிலாபத்தில் ஒரு சிங்களப் பையன், தான் அந்த ஹோனைப் பத்துப் பேருக்கு அனுப்பியதாகவும் பத்துப் பேரிடமும் சொல்லி அழிப்பித்ததாகவும் எழுதியிருந்தான். ஒருவன் மட்டும், "பொம்புளைகள் போட்டோ போட்டா இப்படித்தான்" என்று எழுதினான். மர்ளியா அவனுக்கு நேரே கோல் எடுத்தாள். அவன் எடுக்கவில்லை. பல தரம் எடுத்தாள். போனை அணைத்து வைத்துவிட்டான்.

நம்பரை மாற்றச் சொல்லிச் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். "மாத்தமாட்டேன். டவுன் முழுக்க ஓட்டோவுல ஓடுறது என்ட நம்பர்" என்றாள். கோல்கள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. எங்கோ ஒருவன் அந்த மூட்டையை இன்னும் வைத்திருக்கிறான்.

வந்த போயா விடுமுறை நாளில் ஃபோல்டரைத் துப்புரவாக்கினாள். ஒவ்வொரு ஃபைலாக, "இது ஆர் தந்த?" என்று கேட்டாள். மஸாஹிருக்குச் சொல்லத் தெரிந்தவை இருந்தன. தெரியாதவை போயின. "இருந்துட்டுப் போகட்டுமே" என்று இந்த முறை அவன் சொல்லவில்லை. இப்போது கேம் சட்டென்று திறக்கிறது. ரோட்டில் சனமுமில்லை, கடையுமில்லை.

ஸாஜித் மேலிருந்த கோபத்தை அந்தக் கடைக்குள்ளேயே அவள் கொட்டிவிட்டாள். மஸாஹிர் மேலிருந்த கோபத்தை எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை. அவனும் அதைக் கண்டுகொண்டான். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினான். லொறி டயரில் ஆணி குத்தியது, தராசில் நின்றவனோடு வாய்த்தர்க்கம், சிலாபத்தில் பொலிஸ் மறித்தது, ஒன்றையும் விடுவதில்லை.

"இதையெல்லாம் என்னத்துக்கு என்னட்டச் சொல்றீங்க?" என்று ஒருநாள் சீறினாள்.

"சொல்லாம விட்டா, பிறகு ஏன் சொல்லல்ல எண்டு கேப்பாய்."

மர்ளியா கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். முகம் இளகவில்லை.

"சொல்லுங்க" என்றாள். "ஆணி குத்தி, பிறகு?"