குளிரா, வெயிலா என்று கேட்ட அப்பா

அப்பாவை இரண்டாம் முறை நாடற்றவராக்கப் பார்த்தவன் நான். முதல் முறை அதைச் செய்தது ஓர் அரசாங்கம். அதற்குச் சட்டம், முத்திரை, அமைச்சர்கள் எல்லாம் தேவைப்பட்டன. எனக்கு வாய் மட்டும் போதுமாயிருந்தது.

அப்பா இலங்கையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். அதற்கு முன்பே தோட்டத் தமிழர்களின் குடியுரிமை அங்கே பறிபோயிருந்தது. சிறுவனாகத் தாய் தந்தையரோடு கப்பலேறி வந்தார். மிளகு பறிக்க ஆள் வேண்டுமென்று யாரோ சொன்னதை நம்பி வளப்பூர் நாடு என்ற இந்த மலையூருக்கு வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். ரேஷன் கடை வரிசையில் கடைசியில் நிற்பார். பின்னால் யாராவது வந்தால் அவர்களை முன்னே அனுப்பிவிட்டு மறுபடி கடைசியாவார். அதை அடக்கம் என்று நெடுநாள் மெச்சியிருக்கிறேன். அது பயம்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்தவர் பிறந்த ஊர் எது என்றபோது, அப்பா வழக்கம்போல், "இதேதானுங்க, வளப்பூரு" என்றார். நாலு புத்தகம் படித்த நான் சும்மா இருப்பேனா? "அப்பா பிறந்தது கண்டிப் பக்கம்" என்று திருத்தி, வரலாற்றையும் விளக்கினேன். வந்தவர் எழுதுவதை நிறுத்தினார்.

சேந்தமங்கலம் அலுவலகத்துக்குச் சான்றுகளோடு வரச் சொன்னார்கள். கப்பலில் வந்தபோது கொடுத்த காகிதங்கள் ஒழுகிய கூரைக்கடியில் எப்போதோ கூழாகியிருந்தன. அப்பா என்னைத் திட்டவில்லை.

விசாரணைக்கு மூட்டையோடு வந்தார். இரண்டு வேட்டி, ஒரு கம்பளி, கொஞ்சம் கருவாடு. ஆபீசில் கூப்பிட்டால் மூட்டை கட்ட வேண்டும் என்பதுதான் கப்பலேறிய குடும்பங்களுக்குத் தெரிந்த நடைமுறை.

"எங்கீங்க ஐயா கெளம்பீட்டீங்க?" என்றார் அங்கிருந்த பெண் அதிகாரி.

"நீங்க அனுப்பற எடத்துக்குத்தானுங்க. அங்க குளுருங்களா, வெயிலுங்களா? குளுருன்னா இன்னொரு கம்பளி எடுத்தாரோணும்."

கேலியில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்கள எங்கயும் அனுப்பலீங்க. ஏதாச்சும் ஆதாரம் கொண்டாங்க, போதும்."

அப்பா என் பக்கம் சாய்ந்தார். "மொதல்ல அப்படித்தான் கண்ணு சொல்லுவாங்க."

கோத்தகிரியிலிருந்து அத்தை, தன் தம்பியான அப்பாவின் பெயரும் இருக்கும் பழைய குடும்ப அட்டையை மடியில் கட்டிக்கொண்டு, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் செல்லமுத்து மாமா, "எங்கூரு ஆளுங்க. எழுதிக்கங்க" என்று அதிகாரியிடம் சாட்சி சொன்னார். முடிவு தெரியும்வரை அப்பா மூட்டைமேல் தலைவைத்தே படுத்தார். பட்டியலில் பெயர் இருப்பதை வாசித்துக் காட்டினேன். "நெசமாவா?" என்றார். மறுநாள்தான் மூட்டையை அவிழ்த்தார். அடுத்த மழைக்காலத்தில், சொந்த வீட்டில், உறக்கத்திலேயே எங்களைப் பிரிந்தார்.

அத்தைக்கும், பொறுமையாக விசாரித்த அந்த அதிகாரிக்கும், குழி வெட்டித் தந்த ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

அடக்கம் முடிந்ததும், "இந்த மண் அப்பாவை ஏற்றுக்கொண்டுவிட்டது" என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

செல்லமுத்து மாமா கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். "மண்ணு எங்க மாப்ளே ஏத்துக்குச்சு? அத்தனையும் பாறை. நாங்கதான் ரெண்டு கடப்பாரைய மழுங்கடிச்சோம்."