திராட்சைக் காட்டுப் பாதையில் ஹசார்ட் லைட்

1. கடைசி ஆளுக்குப் பின்னால்

புதிதாக சைக்கிள் மெக்கானிக் வேலைக்கு வரும் தம்பிகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாய், கடையில இருந்து உங்கள பிரான்சுக்கே அனுப்புனாங்களாமே, நெசமா?" நிஜம்தான். அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண்மணி என் வேன் பானட்டில் ஓங்கித் தட்டி, நடு ரோட்டில் என்னைக் கிழி கிழியென்று கிழித்ததும் நிஜம்தான். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் கதை நிற்காது.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் துபாயில் ஒரு சைக்கிள் கடையில் ஹெட் மெக்கானிக். ரூம் அஜ்மானில். அதற்கு முன்னால் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் லேபர் கேம்ப் ஆட்களின் பழைய இரும்பு சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன். அங்கிருந்து கார்பன் ஃப்ரேமுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு சைக்கிளை ஒரு விரலில் தூக்கலாம் என்று முதல் நாள் கண்டபோது, "அடேங்கப்பா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

கடை மேனேஜர் நபீல் லெபனான்காரன். வெள்ளிக்கிழமை விடியலில் வாடிக்கையாளர்களைத் திரட்டிக்கொண்டு பாலைவன ரோட்டில் ரைடு போவான். பின்னால் நான் வேனில். ஸ்பேர் வீல், டியூப், பம்ப், ஐஸ் பெட்டி எல்லாம் உள்ளே. கூட்டத்தில் கடைசியாகப் போகிறவர் யாரோ, அவருக்குப் பின்னால், நாலு மூலையிலும் மினுக்கும் ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கொண்டு வேனை உருட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த ரோட்டில் பிக்கப்பும் டிரெய்லரும் பேய் மாதிரி வரும். இடித்தால் முதலில் வேனைத்தான் இடிக்கணும், அதுதான் கணக்கு. எனக்கு அதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை.

கடைசி ஆள் பெரும்பாலும் கஸ்தூரி டீச்சர். தூத்துக்குடிக்காரர், இந்தியன் ஸ்கூலில் கணக்கு டீச்சர், ஐம்பதை நெருங்கிய வயது. நான் காயல்பட்டினம். பக்கத்து ஊர் என்பதால் எங்களுக்குள் பேச்சு குறையாது. ஆரம்பத்தில் அவர் கடைசி ஆள் இல்லை, நன்றாகவே மிதிப்பார். ஒரு நாள் தனியாகப் போகும்போது பின்னால் வந்த கார் தட்டி, காலர் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. அதற்குப் பிறகு என் வேன் பின்னால் இல்லாமல் ஓர் அடி ஓட்ட மாட்டார். போகப் போக, "பாய், இருக்கியளா?" என்று குரல் வரும். நான் ஒரு பொட்டு ஹார்ன் அடிப்பேன். உடனே மிதிப்பார்.

2. போகும் ஊர்

"ஷாகுல், யல்லா, பாஸ்போர்ட் கொண்டா," என்றான் நபீல் ஒரு நாள். பிரான்சில் பர்கண்டி என்ற பகுதி, ஒயினுக்குப் பெயர் போன கிராமங்கள். அங்கே வாடிக்கையாளர்களைக் கூட்டிப்போய் ஒரு வாரம் ரைடு. மெக்கானிக்கும் வேன் டிரைவரும் நானே. விசா வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"திராட்சத் தோட்டமா, சாராயம் காய்ச்சுற எடமா? சரியாச் சொல்லுங்க," என்றாள் என் பெண்டாட்டி.

"ரெண்டும்தான்."

"யா அல்லா! அங்க போயி எதையாவது வாயில ஊத்திட்டு வந்துராதிய."

"வண்டி ஓட்டுறவனுக்கு எவன்டி ஊத்திக் குடுப்பான்?" என்றேன். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்ததாம்.

கிளம்புவதற்கு முன்னால் சைக்கிள்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது டீச்சர் கடைக்கு வந்தார். மெதுவாகச் சொன்னார். "பாய், எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டேன். அங்க நல்ல ரோடு, நல்ல காத்து. அங்கயும் என்னால தைரியமா ஓட்ட முடியலேன்னா, இனி எங்கயும் முடியாதுல்லா? திரும்பி வந்ததும் சைக்கிளை வித்துருவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் பெட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டேன். அந்த சைக்கிளை அவருக்காகப் பார்த்துப் பார்த்து பில்ட் பண்ணியவன் நான்.

3. பானட்டில் விழுந்த தட்டு

பர்கண்டியை என்னென்று சொல்வது! பார்க்கிற பக்கமெல்லாம் இடுப்பளவு உயரத்தில் திராட்சைச் செடி, வகிடு எடுத்துச் சீவிய தலை மாதிரி வரிசை. நடுவில் கார் ஒன்று போனால் இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவரை உரசும் அளவுக்குச் சின்னப் பாதை. நாங்கள் போனது பழம் பறிக்கும் மாதம். ஆணும் பெண்ணும் குனிந்து நின்று பறிக்கிறார்கள், டிராக்டர்கள் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன.

முதல் சில நாட்கள் நபீலும் கூட்டமும் முன்னால் பறந்தார்கள். டீச்சர் கடைசியில், அவருக்குப் பின்னால் நான் ஹசார்ட் லைட்டோடு. அந்த ஊரில் ரைடுக்குப் போகிறவர்களின் வேன் முன்னாலேயே போய் அடுத்த கிராமத்தில் காத்திருக்குமாம். எனக்கு யார் சொன்னார்கள்? துபாயில் எப்படியோ அப்படியே உருட்டினேன்.

மலைமேல் இருக்கும் ஒரு கிராமத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நாள். பாதி ஏற்றத்தில் பின்னால் ஹார்ன். கண்ணாடியில் பார்த்தால் டிராக்டர், அதற்குப் பின்னால் டிராக்டர், அதற்கும் பின்னால் டிராக்டர். பழம் ஏற்றிய வரிசை கீழ் வளைவு வரைக்கும் நிற்கிறது. நான் என்ன செய்தேன்? கடமை தவறாதவன் இல்லையா! டீச்சருக்குக் காவலாக இன்னும் நெருங்கிப் போனேன்.

முதல் டிராக்டரில் இருந்து பூட்ஸ் போட்ட ஓர் அம்மா குதித்து ஓடிவந்து பானட்டில் படீரென்று தட்டினார். கை இரண்டும் பழச்சாற்றில் ஊதா. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் திட்டு என்பது எந்த பாஷையிலும் புரிந்துவிடுகிறது. பழத்தைக் காட்டினார், வெயிலைக் காட்டினார், என் வேனைக் காட்டினார். டீச்சர் காலை ஊன்றி நின்றுவிட்டார். வேறு வழி தெரியாமல் நபீலுக்குப் போன் போட்டு, மொபைலை அந்தம்மாவிடமே கொடுத்தேன். லெபனான்காரனுக்கு பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. அந்தம்மா போனிலும் கத்தினார், பிறகு குரல் இறங்கியது, கடைசியில் சிரித்தபடி மொபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஷாகுல், கலாஸ், போதும்," என்றான் நபீல். "பறிச்ச பழம் வெயில்ல நின்னா கெட்டுப்போகும். அந்தப் பாதையில சைக்கிள் போகலாம், வேன் மாஃபி. நாங்க மேலே கிராமத்துக்கே வந்துட்டோம். டீச்சர் தனியா ஏறி வரட்டும். இல்லேன்னா வேன்ல ஏத்திக்கிட்டு மெயின் ரோட்டுல சுத்தி வா."

வேனை ஒரு தோட்டத்து வாசலில் ஒதுக்கினேன். டிராக்டர்கள் ஒவ்வொன்றாகப் போயின. டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தனியாவா? முடியாது பாய்."

"அப்ப வேன்ல ஏறுங்க டீச்சர்."

அவர் வேனைப் பார்த்தார், மேலே போகும் பாதையைப் பார்த்தார். "ஏறிட்டேன்னா அவ்வளவுதான். இன்னையோட முடிஞ்சுது," என்றார். கண் கலங்கிவிட்டது.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ தெரியாது. வேன் கூரையில் கட்டியிருந்த ஸ்பேர் சைக்கிளை இறக்கினேன். "வேன் வராது. நான் வாறேன். வாங்க டீச்சர்!"

4. நான் பின்தங்கிய கதை

ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை வருஷம் அந்த சைக்கிள்களின் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தொட்டவன் நான். ஆனால் ஓட்டியது எல்லாம் சர்வீஸ் முடிந்ததும் கடை பார்க்கிங்கில் ஒரு டெஸ்ட் ரவுண்டு. அவ்வளவுதான். ஏற்றம் என்றால் என்னவென்று என் காலுக்குத் தெரியாது. ஸ்பேர் சைக்கிளின் சீட் நபீலின் உயரத்துக்கு இருந்தது. பெடல், அடியில் கொக்கி மாட்டுகிற கிளிப் ஷூவுக்கானது, என் காலில் கடையில் போடும் சாதா ஷூ. மிதித்தால் வழுக்கியது.

"பாய், இருக்கியளா?"

"இருக்கேன் டீச்சர்!"

இன்னும் கொஞ்ச தூரம். "பாய், இருக்கியளா?"

"இருக்... கேன்..."

மூச்சு நாக்கில் வந்து நின்றது. கியரைத் தப்பாகப் போட்டேன், செயின் கழன்று விழுந்தது. என் கையால் டியூன் செய்த சைக்கிள்! குனிந்து மாட்டிவிட்டு நிமிர்ந்தால் டீச்சர் வெகுதூரம் மேலே போய்விட்டார். அடுத்து அவர் கேட்டது எனக்கு லேசாகத்தான் கேட்டது. நான் போட்ட சத்தம் அவருக்கு எட்டியிருக்காது.

அப்போது என்னைத் தாண்டி ஒரு டிராக்டர் போனது. ஓட்டிய பெரியவர் தொப்பியைத் தூக்கி எனக்கு சலாம் வைத்தார். பதிலுக்கு சிரிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. டீச்சருக்குப் பின்னால் வண்டி, நடுவில் வேன் கிடையாது, நான் கிடையாது. விழுந்துவிடுவார், இல்லை இறங்கி உட்கார்ந்துவிடுவார் என்றே நினைத்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

வளைவு திரும்பியதும் பார்த்தேன். டிராக்டர் டீச்சருக்குப் பின்னால் எட்டத்தில், ஹார்ன் அடிக்காமல், அவர் வேகத்துக்கே வந்துகொண்டிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். அது நான் இல்லை என்று தெரிந்துவிட்டது. சைக்கிள் ஒரு முறை ஆடியது. கால் கீழே இறங்கவில்லை. பாதை கொஞ்சம் அகன்ற இடத்தில் வலது ஓரமாக ஒதுங்கி, ஹேண்டில்பாரில் இருந்து ஒரு கையை எடுத்து, 'போங்க, போங்க' என்று அந்தப் பெரியவருக்கு வழிவிட்டார். டிராக்டர் தள்ளிச் சுற்றிக்கொண்டு போனது. டீச்சர் தன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தார்.

நடுப்பாதையில் நின்று நான் விசில் அடித்தேன். பழம் பறித்துக்கொண்டிருந்தவர்களும் எதற்கென்றே தெரியாமல் விசில் அடித்தார்கள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் கிராமத்துக்கு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். டீச்சர் பறிக்கிற ஆட்களோடு மரநிழலில் உட்கார்ந்து திராட்சை தின்றுகொண்டிருந்தார். வாயெல்லாம் ஊதா.

"என்ன பாய், வேன் ரிப்பேரா?" என்று என்னைக் கேட்டார். நபீலும் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் ஒரு கொத்து கிடைத்தது. சின்னச் சின்னப் பழம், உள்ளே கொட்டை, நம்ம பன்னீர் திராட்சைக்கு அண்ணன் மாதிரி இனிப்பு. அதை நான் தின்றேன், குடிக்கவில்லை என்று வீட்டில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

5. தம்பிகளுக்கு

இதில் கற்றது என்ன என்று கேட்பீர்கள். ரிப்பேர் பண்ணுகிற வண்டியைப் பார்க்கிங்கில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள், ஒரு ஏற்றத்திலும் ஓட்டிப் பாருங்கள். இது ஒன்று. இன்னொன்று, ஒருவருக்குக் காவலாகப் போகிறபோது எந்த இடத்தில் அவரை விட்டு ஒதுங்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு அது தெரியவில்லை, ஓர் அம்மா பானட்டில் தட்டித்தான் சொல்லிக்கொடுத்தார்.

டீச்சர் சைக்கிளை விற்கவில்லை. திரும்பி வந்த அடுத்த மாதம் கடைக்குக் கொண்டுவந்து, ஏற்றத்துக்கு லேசாக மிதிக்கிற மாதிரி பின் சக்கரத்தில் பெரிய கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, மாட்டித் தரச் சொன்னார். ஹத்தா மலைப் பக்கம் ரைடு போகிறாராம்.

"எங்க வரணும்னு சொல்லுங்க டீச்சர், வேனை எடுத்துட்டு வந்து பின்னால நிக்கேன்," என்றேன்.

"பின்னால வேண்டாம் பாய். தண்ணி எடுத்துட்டு மேல போயி நில்லுங்க. நான் வந்துருவேன்."

போய் நின்றேன். வந்தார்.