தாய்லாந்து படம் போட்டு அண்ணனைச் சம்மதிக்க வைக்கப் போனேன்!

நேற்று மத்தியானம் அப்பா வீட்டு டிவியில் ஒரு தாய்லாந்து படம் போட்டேன்.

தொண்டை கட்டிவிட்டது. மானமும் போய்விட்டது!

விஷயம் இதுதான். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது. கல்வராயன் மலைக்குப் போகும் பஸ்ஸை ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

அதே பஸ்ஸில் தினமும் ஏறி, மேலே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை பார்த்த அம்மா ஒருத்தர் நைனார்பாளையத்தில் இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அந்தக் காலத்தில் வணக்கத்தைத் தாண்டிப் பேசாதவர்கள், இப்போது தினமும் போனில் பேசுகிறார்கள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அப்பாவே எங்களிடம் கேட்டார். (எங்கள் முகத்தைப் பார்த்து இல்லை, காலண்டரைப் பார்த்து!)

எனக்குச் சம்மதம். அண்ணனுக்கு இல்லை.

"ஊரே சிரிக்கும். நாளைக்கி கடைல நான் எப்டி உக்காருவேன்?" என்றான். திருநாவலூரில் உரக்கடை வைத்திருக்கிறான். அவன் சரி என்று சொன்னால்தான் கல்யாணம் என்பதில் அப்பா பிடிவாதமாக இருக்கிறார். இரண்டு மாதமாக வீடு இப்படியே நிற்கிறது.

அப்போதுதான் இந்தப் படம் என் கண்ணில் பட்டது. மூன்று கதைகள். பள்ளிக்கூட வயதில் காதல், முப்பதைத் தாண்டியவர்கள் காதல், கடைசியில் அறுபது வயதுக் காதல். நான் பேசி நடக்காததைப் படம் நடத்திவிடும் என்று முடிவு பண்ணிவிட்டேன்!

தமிழ் கிடையாது. கீழே இங்கிலீஷ் சப்டைட்டில்தான். அதைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. (பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு சத்தமாகப் படித்ததில்லை.)

முதல் கதையில் ஒரு பையன், ஒரு பெண்ணின் டிபன் பாக்ஸில் லெட்டர் வைக்கிறான்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். "இன்னா படம் இது? எம்பொண்ணு டியூஷன் முடிஞ்சி வர்ற நேரம். ஓட்டு ஓட்டு!"

ஓட்டினேன்.

இரண்டாவது கதையில் புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மெசேஜில் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். இந்தத் தடவை அண்ணி ஆரம்பித்தார்.

"நம்ம வூட்ல மட்டும் இன்னாவாம்? தண்ணி கேன் வந்துச்சா, கரண்ட் வந்துச்சா. இத்த தவிர எனக்கு ஒரு போன் வந்துருக்கா?"

"படம் பாக்க வந்தியா, சண்ட போட வந்தியா?"

"படத்துல வர்றததான் சொல்றேன்!"

இருபது நிமிஷம் படத்தை நிறுத்தி வைத்தேன்! திரையில் அந்தப் பொண்டாட்டி வாயைத் திறந்தபடி காத்திருந்தார்.

ஒரு வழியாக மூன்றாவது கதை வந்தது. படகு ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். ஆற்றங்கரையில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஓர் அம்மா. பெரியவர் தினமும் வந்து சாப்பிடுகிறார், அவர் வந்த பிறகுதான் அந்த அம்மா தனக்குத் தட்டு வைக்கிறார். அண்ணி கண்ணைத் துடைத்தார். அண்ணன்கூட கம்மென்று இருந்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்!

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன்னாடியே நான் தனியாகப் பார்த்தபோது, இந்த இடத்தில் தூங்கிவிட்டேன். முடிவு எனக்குத் தெரியாது! (திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.)

பெரியவரின் மகன் வெளியூரிலிருந்து வருகிறான். கல்யாணம் பண்ணிக்கொள்ளட்டுமா என்று பெரியவர் அவனிடம் கேட்கிறார். மகன் குனிந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லித் தலையாட்டுகிறான். பெரியவர் படகில் ஏறிப் போய்விடுகிறார். படம் முடிந்தது.

மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். ஆனால் 'நோ' என்பதை அண்ணனுக்கும் படிக்கத் தெரியுமே!

"பாத்தியா? தாய்லாந்துலயே புள்ள ஒத்துக்கல!" என்று தொடையைத் தட்டினான்.

எனக்கு ரிமோட்டைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போதுதான், அதுவரை ஒரு வார்த்தை பேசாத அப்பா வாயைத் திறந்தார்.

"ஏம்மா, புள்ள வேணாம்னா சொன்னான்?"

"ஆமாம்ப்பா."

"நான் சரின்னுட்டான்னு சொல்லிட்டனே."

"யார்கிட்டப்பா?"

படம் இருந்த பென் டிரைவைப் போன வாரமே டிவியில் செருகிவிட்டுப் போயிருந்தேன். அப்பா தனியாகப் பார்த்திருக்கிறார்.

"அவங்களுக்கு கண்ணு ஆப்ரேசன் ஆயிருக்கு இல்ல, டிவி பாக்கக் கூடாதாம். பொழுதே போவலன்னாங்க. அதான் நான் பாத்துக்கினே போன்ல கத சொன்னேன். இங்கிலீசு எனக்கு எங்க தெரியும்? ஆளுங்க மூஞ்சியப் பாத்து நானா சொன்னேன்."

அண்ணன் தொடையிலிருந்து கையை எடுத்தான்.

"கடைசில, புள்ள இன்னா சொல்றான், புள்ள இன்னா சொல்றான்னு ரெண்டு வாட்டி கேட்டாங்கம்மா. அவன் தலையாட்றத பாத்தேன். அத்த அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வர்ல. சரின்னுட்டான்னு சொல்லிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டிவியை நிறுத்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அண்ணன் விருட்டென்று எழுந்தான். மேஜை மேல் இருந்த அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"ஏங்க, அவங்கள ஒண்ணும் கேக்காதீங்க!" என்று அண்ணி பின்னாலேயே ஓடினார். நானும் ஓடினேன்.

அவன் பைக் பக்கத்தில் நின்று போனைக் காதில் வைத்திருந்தான். கையைக் காட்டி எங்களை நிறுத்தினான்.

"வணக்கம்ங்க. நான் டிரைவர் புள்ள பேசறேங்க."

கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லீங்க. அந்தப் படத்த இப்ப நாங்களும் பாத்தோம். ஆமாங்க. புள்ள சரின்னுதாங்க சொன்னான்."