அண்ணன் சட்டையில் டவுனுக்குப் போன நாள்

தொண்ணூறுகளின் தொடக்கம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த சித்திரை மாதம். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து தினமும் காலை பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டைக்கு டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். லீவில் வயசுக்கு வந்த பெண்ணை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப எங்கள் ஊரில் அந்த ஒரு கிளாஸுக்குத்தான் அனுமதி.

அந்தக் கோடையில் ஊர் இளவட்டங்கள் அத்தனை பேரும் பேகி பேண்ட்டுக்கு மாறியிருந்தார்கள். ஒரு பேண்ட்டுக்குள் தாராளமாக இரண்டு பேர் குடியிருக்கலாம். பிடரியில் முடியை வளர்த்துத் தொங்கவிட்டு அதற்கு ‘ஃபங்க்’ என்று பேர் வேறு. கத்திரி வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு வந்து சொறிந்துகொண்டே திரிந்தார்களே தவிர, ஒருத்தனும் முடியை வெட்டவில்லை. “வயசுப் பையன் அப்படித்தான் இருப்பான்” என்று ஊரும் சிரித்துவிட்டுப் போய்விடும். எனக்கும் அதே வயசுதான். ஆனால் எனக்குத் தாவணி.

டவுனிலிருந்து கிளாஸுக்கு வந்த பெண்கள் வேறு மாதிரி இருந்தார்கள். கணுக்கால் வரை பாவாடை, அதன்மேல் தொளதொளவென்று ஒரு ஆண்பிள்ளைச் சட்டை, கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார்கள். தாவணியே கிடையாது. பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து என் டைப்பில் தப்பு கூடிக்கொண்டே போனது. பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை.

மதுரையில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்றை வீட்டில் விட்டுப்போயிருந்தான். ஒருநாள் அம்மா விடியுமுன்னே பருத்தி எடுக்கக் காட்டுக்குப் போய்விட்டாள். அப்பா ஒரு வேலையாகத் திருச்சுழிக்குக் கிளம்பினார். நான் கறுப்புப் பாவாடைக்கு மேல் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, கையை மடித்துவிட்டு, கண்ணாடியில் பார்த்தேன். நன்றாக இருந்தேன். இந்த வயதில் சொல்ல என்ன வெட்கம், ரொம்ப நன்றாக இருந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தர், “தாவணியை மறந்துட்டு வந்துட்டியா தாயி?” என்று அக்கறையாகக் கேட்டார். “மறக்கல” என்றேன். அவர் அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மத்தியானம் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் பெரியப்பா நின்றிருந்தார். அப்பாவுடைய அண்ணன். எங்கள் வீட்டில் எந்த முடிவும் அவர் சொன்னால்தான் முடிவு. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். ஒரே பஸ்ஸில்தான் வந்தோம். ஊர் வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும், பெரியப்பா பங்காளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன், அதே சட்டையில்தான். மாற்றிக்கொண்டால் தப்பு செய்தேன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

“டைப்பும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம். நரிக்குடிப் பக்கம் நல்ல எடம் ஒண்ணு இருக்கு. ஆவணில முடிச்சுப்புடுவோம்” என்றார் பெரியப்பா.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, “நீங்க சொன்னாச் சரிதாண்ணே” என்றார். அவ்வளவுதான், ஒரு சட்டைக்கு என் படிப்பே முடிந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவும் பெரியம்மாவும் காட்டிலிருந்து வந்தார்கள். எங்கள் பக்கம் பருத்தி எடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். காய்ந்த பருத்திக் காயின் ஓடு கையைக் கீறும், வெயிலும் தாளாது. இருவரும் அப்படியே, சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியபடி வந்து நின்றார்கள். அப்பா விஷயத்தைச் சொன்னார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் அதுவரை பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. அன்றைக்கும் பேசவில்லை. பெரியம்மா பக்கம் திரும்பினாள்.

“ஏக்கா, நீங்க போட்டிருக்கது யாரு சட்டை?”

பெரியம்மா குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டார். “இந்தா உக்காந்திருக்காகள்ல, இவுக சட்டைதான். பையில மை கொட்டிருச்சுன்னு குடுத்தாக.”

“நான் போட்டிருக்கது?”

“கொழுந்தனாரு சட்டை.”

“அப்ப நம்ம ரெண்டு பேத்துக்கும் எந்த ஊருல மாப்ள பாக்கப் போறாகன்னு கேளுங்க.”

பங்காளிகளில் ஒருவர் இருமுவதுபோல் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “அது வேலைக்குப் போடுறது. இவ மினுக்கப் போட்டுருக்கா” என்றார்.

“இவளும் வேல படிக்கத்தான போறா? பஸ்ஸுல தூசி, வெளிய வெயிலு. அதுக்குப் போட்டுருப்பா” என்று அம்மா பெரியம்மாவிடமே சொன்னாள். கூட்டம் ஏறக்குறைய கலையத் தயாராகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.

“வெயிலுக்கு ஒண்ணும் போடல. நல்லா இருந்துச்சு, போட்டேன்” என்றேன்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். பெரியம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

“புள்ள உள்ளதத்தான சொல்றா. இவுக என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, தெருவக் கூட்டுற மாதிரி ஒரு பெல்பாட்டம் பேண்ட்டு போட்டு வந்தாக. அது எந்தக் காட்டுல வேல பாக்கப் போட்டது?”

இருமிக்கொண்டிருந்த பங்காளியால் அதற்குமேல் முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டார். இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா தலையைச் சொறிந்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவர்தான். தீபாவளி வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நரிக்குடி மாப்பிள்ளைப் பேச்சும் அவரோடு போய்விட்டது.

அம்மா என்னைக் கட்டிப்பிடித்து உச்சிமோந்தாள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். “நான் நயமா முடிச்சு வச்சத வாயக் குடுத்துக் கெடுத்தியேடி, ஒறவையே அத்துவிட்டுட்டியே” என்று இரண்டு நாள் திட்டினாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது. தாவணியோடு போவதென்றால் போகலாம் என்றார் அப்பா. இரண்டு நாள் தாவணியில் போனேன். மூன்றாம் நாள் மறுபடி சட்டையைப் போட்டேன். அப்பா பார்த்தார், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த டைப்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. இன்னும் சில வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறேன். ஆபீஸில் யாராவது இந்தக் காலத்துப் பெண்களின் உடுப்பைப் பற்றி ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். வெயிலுக்கு, தூசிக்கு, வேலைக்கு என்று ஒரு காரணம் சொன்னால் பெண்ணுக்கு எதையும் விட்டுக்கொடுக்கிற ஊர், எனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் சொன்னால் மட்டும் கூட்டம் கூட்டுகிறது. கூட்டட்டும், பதினாறு வயதில் நான் சொன்ன பதிலை இன்றைக்கும் மாற்றிச் சொல்வதாக இல்லை.