கருணாகரனின் அப்பா திரும்பி வந்தாரா?

நேற்று பேசும்படக் கொட்டகையில் நாங்கள் முப்பது பேர் எழுந்து நின்று, கதையை மாற்றிவிட்டார்கள் என்று கத்தினோம்.

அதிகச் சத்தம் போட்டவன் நான். கதையை மாற்றியவனும் நான்தான்.

(வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டியது யார் என்று செயலாளர் கேட்டால், காற்றில் பறந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்லுங்கள்.)

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு வரிசை முழுவதற்கும் 'முத்துத் தீவில் கருணாகரன்' ஒரே ஒரு பிரதிதான். கிள்ளானிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. பதினைந்து வயதுப் பையன், காணாமல் போன அப்பாவைத் தேடிக் கடலில் போகிற கதை.

சனிக்கிழமை மதியம் பின்சந்தில் பாய் விரித்து நான் உரக்கப் படிப்பேன். எழுத்துத் தெரியாத அக்காக்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். படிக்கிறவனுக்குப் பசியாறப் பலகாரம் உண்டு. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் வேலை கிடையாது. இப்படிப்பட்ட உத்தியோகம் கவர்னருக்காவது இருக்குமா?

அதே கதை படமாகி ஞாயிற்றுக்கிழமை வருகிறது என்று நோட்டீஸ் வந்தது. அதற்குள் புத்தகத்தை முடித்துவிடு என்றது வரிசை. முடிவு தெரிந்துகொண்டு போனால்தானே படத்தில் குற்றம் கண்டுபிடிக்க முடியும்!

வெள்ளிக்கிழமை விபத்து நடந்தது.

அப்பா கண்ணில் படக்கூடாது என்று புத்தகத்தைப் பழைய பத்திரிகைக் கட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா அந்தக் கட்டை அப்படியே வறுகடலை விற்கும் கச்சாங் பூத்தே அண்ணனிடம் கொடுத்து, இரண்டு கை கடலை வாங்கிவிட்டார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கடைசி அத்தியாயம் பொட்டலங்களாகச் சுருண்டு, தட்டில் இருந்த மற்றப் பொட்டலங்களோடு கலந்துவிட்டது. (அவர் எந்தப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் கிழிப்பாராம். தொழில் நுணுக்கம்.) மீதிப் புத்தகம் மட்டும் கைக்கு வந்தது; கடைசி அத்தியாயத்தை நானே இன்னும் படித்திருக்கவில்லை.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் முன்வரிசையில் அஞ்சலை அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பா கப்பலேறிப் போனவர். ஒரு கடிதம்கூட வந்ததில்லை. கருணாகரனின் அப்பா கிடைப்பாரா இல்லையா என்று ஏழு வாரமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பலகாரத்தையும் பார்த்தேன், அக்காவையும் பார்த்தேன். புத்தகத்தின் வெறும் பின்னட்டையைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன்.

கருணாகரனின் அப்பா வந்துவிட்டார். வாசலில் நின்றார். மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஊரே அழுதது, எங்கள் சந்தும் அழுதது. அந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார் அஞ்சலை அக்கா. முதல் முறை என்ன சொன்னேன் என்பதே எனக்குச் சரியாக நினைவில்லை. ஒப்பேற்றிவிட்டேன்.

ஞாயிறு மதியக் காட்சி. கொட்டகை வாசலில் அதே கச்சாங் பூத்தே அண்ணன், அதே தட்டு. எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினைந்து வயதுக் கருணாகரனாக நடித்தவருக்கு அந்த வயதில் மகனே இருப்பான். கடற்கொள்ளையர் நால்வரும் ஒரே ஆள்; மீசை மட்டும் வேறு வேறு. புயல் அத்தியாயத்தில் புயல் வரவில்லை. பதிலுக்கு ஒரு முனிவர் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். நாவலில் தனியாகப் படகு ஓட்டும் நீலவேணி, படத்தில் படகைக் கண்டதும் மயங்கி விழுகிறாள். மயக்கத்திலும் முழுப் பாட்டுப் பாடுகிறாள்.

என் வகுப்புத் தோழன் துரைராசா பக்கத்தில் உட்கார்ந்து, பிழைகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துக் கிளார்க் வீட்டுப் பிள்ளை. எதையும் எழுத்தில் வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

கடைசிக் காட்சி. தீவில் கருணாகரன் அப்பாவின் சமாதியைப் பார்க்கிறான். ஒரு பிடி மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு படகேறுகிறான். சுபம்.

அப்போதுதான் நாங்கள் எழுந்தோம்.

"தேப்பன் வாசல்ல வந்து நிண்டவரெல்லே! இவை மாத்திப்போட்டினம். நாளைக்கே படக் கொம்பனிக்குக் கடிதம் போடுறன்," என்றான் துரைராசா.

வெளியே வந்ததும் அந்தக் கடிதத்துக்குக் கையெழுத்து வேட்டை நடந்தது. புத்தகம் படித்தவன் என்ற மரியாதைக்கு என் பெயர்தான் முதல்.

அஞ்சலை அக்கா மட்டும் ஒதுங்கி நின்று, காலியான பொட்டலத்தைப் பிரித்து நீவிக்கொண்டிருந்தார். தாளின் தலையில் குட்டிப் படகுப் படம். எங்கள் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும் அதே படகு.

"தம்பி, இது நம்ம புக்குதானே? இதுல என்னா போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். சமாதி. ஒரு பிடி மண். துண்டு. படகு.

வயதை மாற்றி, புயலை மாற்றி, கொள்ளையரை மாற்றி, நீலவேணியையும் மாற்றிய புண்ணியவான்கள், நாவலில் ஒரே ஒரு இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு இடத்தைத்தான் நான் மாற்றியிருந்தேன்.

வேறு ஏதாவது படிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளதை உள்ளபடி படித்தேன். (வாழ்க்கையில் முதல் தடவை.)

அவர் தாளை வாங்கி நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நேத்து மொத தடவ நீ படிச்சப்ப அவருக்குத் தாடி இல்ல. ரெண்டாவது தடவ தாடியோட வந்தாரு. அப்பவே தெரியும் லா."

நான் என் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"மத்தவங்ககிட்ட நீயே சொல்லிடு. ஆனா வர்ற சனிக்கிழம அந்தத் தாடி வெச்சு வர்றத இன்னொரு தடவ படி. அது நல்லா இருந்திச்சு."

சொல்லிவிட்டேன். இதுதான் நான் சொல்லும் விதம்.

மீதி ஒரே ஒரு சிக்கல். நாவலில் உள்ளபடி எடுக்கத் தெரியாதவர்கள் என்று கொம்பனியைக் கிழித்துத் தோரணம் கட்டும் கடிதம், என் பெயரைத் தலையில் சுமந்துகொண்டு இன்று மாலைத் தபாலில் போகிறது. துரைராசா அதை மையால் எழுதியிருக்கிறான்.

மையை அழிக்க வழி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பென்சில் கயிற்றில் தொங்குகிறது.