நல்லம்மா அக்காவின் வெங்காயத் தறை

நல்லம்மா அக்கா போய்விட்டார் என்று என் பேத்தி ஓடிவந்து சொன்னபோது நான் உழுந்து வறுத்துக்கொண்டிருந்தேன். உழுந்து கருகிய பிறகுதான் அடுப்பை அணைத்தேன். அதற்கு முந்தின கிழமைதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சுக்கு நடுவில், "தம்பியின்ரை காணி பூத்திட்டுதோ?" என்று கேட்டார். வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. "இல்லையக்கா" என்றேன்.

சுன்னாகத்துச் செம்மண்ணில் அவரோடு வெங்காயம் நட்ட உங்களுக்கு இந்தக் கதை தெரியும். பார்த்தீனியம் எங்களுக்கு வந்தது லொறியில் வாங்கிய மாட்டெருவோடு. கரட் இலைபோல இலை, மூக்குத்திபோலப் பூ. அக்கா அதைப் பூவும் விதையுமாகப் பிடுங்கி, பசளைக்குப் பூவரசங்குழை தாட்பதுபோல வெங்காயம் நடும் தறையிலேயே புதைத்தார். "சும்மா வந்த பசளை, ஏன் எறியவேணும்?" என்றார். அவரைப் பார்த்து ஊரே புதைத்தது. அடுத்த போகம் வெங்காயத்துக்கு முதல் அதுதான் முளைத்தது.

"நல்ல பசளைதானக்கா, என்ன செழிப்பு!" என்றேன்.

"வாயை மூடடி. உன்ரை தறையிலை மல்லிகையோ பூத்திருக்கு?"

அதற்குப் பிறகு ஒரு செடியையும் பூக்க விடமாட்டார். விடிந்தால் தறையில்தான். கையும் கழுத்தும் தடித்துச் சிவந்தன, பிறகு மூச்சிழுப்பு வந்தது. அந்தச் செடிக்குக் கிட்டப் போகவேண்டாம் என்றார் டொக்டர். "அப்ப வெங்காயத்தை ஆர் பாக்கிறது? டொக்டர் வந்து புல்லுப் பிடுங்குவரோ?" என்று வீட்டுக்கு வந்து எங்களோடு சண்டை.

அவர் பிடுங்கப் பிடுங்கப் பக்கத்துக் காணியிலிருந்து காற்று விதையைக் கொண்டுவந்து போட்டது. அந்தக் காணிக்குப் பூட்டுப் போட்டவர் கனடாவில் இருக்கும் அக்காவின் சொந்தத் தம்பி. அக்கா போனில் கெஞ்சியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"காணி வேண்டாமடா தம்பி. பூவை மட்டும் பிடுங்கிப்போட்டு வாறன்."

"ஒருத்தரும் உள்ளுக்குப் போகவேண்டாமக்கா. பிறகு உரிமை கொண்டாடுவினம். நான் வந்து பாக்கிறன்."

பூட்டை உடைப்போம் என்றேன். "அவன் என்ரை தம்பியெடி" என்றார். கடைசிப் போகம் பாதித் தறைதான் நட்டார். "மனிசரோடை சண்டை பிடிக்கலாம். காத்தோடை என்னண்டு பிடிக்கிறது?" என்று வரம்பில் குந்திவிட்டார். அக்கா குந்தியதை அன்றுதான் பார்த்தேன்.

தம்பி செத்தவீட்டுக்கு வந்தார். நன்றாக அழுதார். "சுகமா இருக்கிறியளோ?" என்று என்னைக் கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழும்பிப் போனேன், இனியும் அவரோடு கதைக்கமாட்டேன். எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு, முடியப் பிளேன் ஏறிவிட்டார். பூட்டு அப்படியே கிடக்கிறது. அக்கா அவரை ஒரு நாளும் திட்டவில்லை. அந்த மனம் எனக்கு வாய்க்கவில்லை.

அடுத்த போகத்துக்கென்று அக்கா கொட்டிலில் கட்டித் தொங்கவிட்ட விதைவெங்காயத்தில் ஒரு பிடியை அவர் மகளிடம் கேட்டு வாங்கி வந்தேன். இப்போது என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கறிக்கு உரிக்க மனமில்லை. நடுவோமென்றால் என் தறையும் பார்த்தீனியம் பூத்துப்போய்க் கிடக்கிறது, குனிந்து பிடுங்க இடுப்பு விடுகுதில்லை. வெங்காயம் முளைவிடத் தொடங்கிவிட்டது.